கீரைக் கருது அறுத்த நாள்

மழைக்காலத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஊர் திரும்பியபோது, அதில் வேலை பார்த்த அப்பா வடக்கேயிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கசகசா போன்ற பொடி விதை. தண்டுக்கீரையில் அதுவொரு சாதி. அங்கே அதன் தானியத்தைப் பொரித்து, வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடிப்பார்களாம். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தைக் கொத்தி விதைத்துவிட்டார்.

அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. செடி அம்மாவின் உயரத்தைத் தாண்டியது. "துணிய எங்கீங்க காயப்போடறது, உங்க தலைமேலயா?" என்று அம்மா கத்தினாள். கீழ் இலையைக் கிள்ளினால்தான் கதிர் பெருக்குமென்று அப்பா தினமும் ஒரு கூடை கிள்ளி வந்தார். பொரியல், கடைசல், மறுபடி பொரியல். மாலையில் விளையாடப் போக முடியாது; தட்டைத் தட்டிக் குருவி ஓட்ட வேண்டும்.

சிவந்த கதிர்கள் கனத்துச் சாய்ந்த பிறகும் அவர் அறுக்கவில்லை. ரிக் வண்டி மேனேஜர் வேலைக்குக் கூப்பிட்டுப் போன் செய்யும்போதெல்லாம், "இன்னும் கருது முத்துலீங்க. அறுத்துப்போட்டு வந்தர்றனுங்க" என்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்தேன். மணி பொலபொலவென்று உதிர்ந்தது. அப்பா சந்தைக்குப் போன நேரத்தில் அரிவாளை எடுத்து, ஒன்றுவிடாமல் அறுத்து வாசலில் குவித்தேன்.

திரும்பி வந்தவர் அப்படியே நின்றார். "ஆரு அறுத்தது?"

"நான்தானுங்கப்பா. எல்லாம் முத்திப்போச்சு. மேனேஜர்கிட்டச் சொல்லீருங்க."

குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கதிரை எடுத்துத் தடவிக்கொண்டே, "சரி உடு சாமி. நல்லாத்தான் அறுத்திருக்கற" என்றார்.

அடுத்த போனில், "அறுத்தாச்சுங்க, வந்தர்றனுங்க" என்றார். அந்த வாரமே வண்டியேறினார்.

முந்தைய வருஷம் துளை போடும்போது இரும்பு ராடு நழுவி, அவருக்குப் பக்கத்தில் நின்றவரின் கையை நசுக்கியிருக்கிறது. அப்பா பயந்துபோயிருந்தார். போகாமலிருக்க அந்தக் கதிரைத் தவிர வேறு காரணம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அவர் நல்லபடியாகத் திரும்பினார், பிறகும் பல வருஷம் போனார். இதையெல்லாம் அம்மா சொன்னது நான் கல்லூரியில் படிக்கும்போதுதான்.

வண்டி போன அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. "இத்தனை வேல செஞ்சிருக்கறேன், போறப்பவாச்சும் அப்பா சிரிச்சு ஒரு வார்த்தை பேசக்கூடாதாம்மா?" என்று அவளிடம் சண்டை பிடித்தேன். அம்மா குனிந்து, மொட்டையாய் நின்ற தண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.