உறக்கம் என்று எழுதிய இரவு

நீலக் கைக்குட்டை சுற்றிய டார்ச் அது. வெளிச்சம் கண்ணில் குத்தாதிருக்க ஊட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்படிச் சுற்றி வைத்திருந்தார். அவரை நாங்கள் சிஸ்டர் என்றே அழைத்தோம். எனக்குப் பதினொரு வயது. என் உயரத்தைப் பார்த்து மூன்றாம் வகுப்பா என்று கேட்பார்கள், கேட்பவரைக் கடிக்கத் தோன்றும். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுவதும் ஒரே சீராகச் சுரக்காது, விட்டுவிட்டு வரும், ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் வரும் என்று டாக்டர் அம்மாவிடம் விளக்கியிருந்தார். அதனால் என்னை எழுப்பாமல், கையில் செருகிய குழாய் வழியாக அரைமணிக்கு ஒருமுறை இரத்தம் எடுக்க வேண்டும்.

அம்மா கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்: "தூங்கிரு கண்ணு. இன்னொரு வாட்டி லீவு கேட்டா வேலைக்கே வராதேன்னுருவாங்க." இப்படிச் சொன்னால் யாருக்குத் தூக்கம் வரும்? டார்ச் நெருங்கும்போதெல்லாம் கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். சிஸ்டர் தாளில் 'உறக்கம்' என்று எழுதிக்கொண்டே போனார். விடியும்வரை எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. தூங்கியும் ஹார்மோன் ஏறவில்லை, வருஷக்கணக்காகத் தினமும் ஊசி போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். நான் தண்ணீர் குடிப்பதாகச் சொல்லி வெளியே போய், சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நேரே உள்ளே போனார்.

"தப்பு என்னோடதுங்க டாக்டர். கண்ணு மூடியிருந்ததைப் பார்த்துத் தூங்குதுன்னு எழுதிட்டேன்."

டாக்டர் எங்கள் முன்னாலேயே அவரைத் திட்டித் தீர்த்தார். நான் நடித்ததைச் சொல்லி சிஸ்டர் என் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. அம்மாவின் லீவுக்கு டாக்டரிடம் கடிதம் வாங்கித் தந்ததும் அவர்தான்.

இரண்டாம் முறை சோதனைக்குப் படுத்தபோது என் காதருகே குனிந்தார். "முழிச்சிருந்தா சொல்லு சாமி. அப்படியே எழுதிக்கறேன். யாரும் உன்னைய வையமாட்டாங்க." மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் எழுதிக்கொண்டார். அப்புறம் எனக்கு எதுவும் நினைவில்லை. ஹார்மோன் வேண்டிய அளவுக்கு ஏறியிருந்தது. ஊசி தேவைப்படவில்லை. அம்மாவின் உயரத்தோடு நின்றுவிட்டேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது, அதற்குள் உயரத்தில் என் காதைத் தொடுகிறாள். நேற்று, பரீட்சைக்கு முந்தைய ராத்திரி, கண்ணை மூடிக் கிடந்தாள். மூச்சு கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக இருந்தது. போன் டார்ச்சைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு குனிந்தேன்.

"முழிச்சிருந்தா சொல்லு சாமி."

ஒரு கண் மட்டும் திறந்தது.

"முழிச்சிருக்கேம்மா."