கூத்துக்குக் கிருஷ்ணாயில்

கலைக்கு உதவி வழங்கும் உத்தியோகம் என்பது, பசியோடு வந்தவனை வாசலில் நிறுத்தி, 'நீ ரசித்துச் சாப்பிடுகிறவன்தானா?' என்று விசாரிக்கிற வேலை. சர்க்கார் மேஜைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு நாளாவது நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. ரங்கூனில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் தமிழ், இங்கிலீஷ் படிப்புமாக ஊர் திரும்பிய எனக்கு, நாற்பத்தேழு வயதில், ராயபுரம் தாண்டி ஒரு நகரசபையில் தற்காலிக இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. உள்ளூர்க் கலைகளுக்கு உதவுவதென்று சபை தீர்மானம் போட்டிருந்தது. கஜானாவில் பணம் இல்லை. ஆகவே உதவி மண்ணெண்ணெயாக, அதாவது இந்தப் பக்கத்துப் பேச்சில் கிருஷ்ணாயிலாக, வழங்கப்படும்.

நலிவு

முதல் மனு ஏகாம்பரம் வாத்தியாருடையது. பகலில் ஹார்பரில் மூட்டை தூக்குகிற ஆட்களை வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பத்து நாள் பாரதக் கூத்து ஆடுகிறவர். இரண்டு காஸ் லைட்டுக்கு எண்ணெய் வேண்டும். கிடைக்காவிட்டால் இந்த வருஷம் கூத்து கிடையாது. மனுப் பாரத்தில் இருந்த கேள்விகளை நான் வாசிக்க வாசிக்க அவர் பதில் சொன்னார். தலைமை அலுவலகம்? "கோயில் பின்னால வேப்பமரம்." குழு நலிந்த நிலையில் உள்ளதா? ஆம் எனில் எவ்வளவு காலமாக? கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். அவர் தயங்கவில்லை.

"எங்கப்பன் காலத்துலேர்ந்தே நல்லா நலிஞ்சிகினு கீறோம் சார். நீ தைரியமா எழுது!"

எலி கடித்த கிரீடம்

நலிந்தவர்களுக்குத்தான் உதவி என்பது எங்கள் கமிஷனரின் விதி. இது எப்படியோ வேப்பமரத்துக்கு எட்டிவிட்டது. நான் சாமான்களைப் பார்க்கப் போனபோது கிழிந்த மத்தளம் ஒன்றும், எலி கடித்த கிரீடம் ஒன்றும் மட்டும் பாயில் வீற்றிருந்தன. நடிகர்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் பட்டினி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நடிப்பு பிரமாதம்.

திரும்பி வந்து சேர்மனிடம் சொன்னேன். அவர் தெற்கத்திச் சீமை மளிகை மொத்த வியாபாரி. தரமான கலைக்குத்தான் உதவி என்பது அவர் விதி. இரண்டு பேர் கையெழுத்தும் விழுந்தால்தான் எண்ணெய். தராசைப் பார்த்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "சாக்கைக் கட்டிக்கிட்டு ஆடுதவனுக்கா எண்ணெ? சரக்கு நல்லா இருந்தால்லாவே கொடுக்க முடியும்!"

மீசை

திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது. திரௌபதி வேஷம் கட்டுகிற கன்னியப்பன், ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டுகிறவன், தினம் மத்தியானம் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான். உள்ளங்கை அகல மீசை. அதை எடுத்தால்தான் ஒத்திகையில் பாஞ்சாலியாக மனசு நிற்கும் என்று வாத்தியார் கோபிக்கிறாராம். "எடுத்துத் தொலையேன், மறுபடி முளைக்காதா?" என்றேன், பொறுமையிழந்து.

"எடுத்துட்டு, கூத்தும் இல்லேன்னு ஆயிட்டா, எந்த மூஞ்சியோட நைனா நான் ஹார்பர்ல நிப்பேன்?"

இரண்டாம் பார்வை

சேர்மனே நேரில் வந்து தரத்தைப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். ஒளித்து வைத்திருந்த புஜகீர்த்திகள், தோளில் கட்டுகிற ஜிகினா நகைகள், வெளியே வந்தன. போதாததற்கு வியாசர்பாடிக் கோஷ்டியிடம் நாலு கிரீடம் இரவல். பட்டப்பகலில் வேப்பமரத்தடி தகதகவென்று மின்னியது. கார் வந்து நின்றது. இறங்கியவர் சேர்மன் இல்லை, கமிஷனர்.

நான் கையைக் காட்டுவதற்குள் வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு கனைப்பு. அரை நிமிஷத்தில் பாண்டவர்கள் ஐவரும் கிரீடத்தோடு கோணிக்குள் போய்விட்டார்கள். கிரீடத்துக்கு மேலே கோணி கூடாரமாக நின்றது. "இது என்ன வேஷம்?" என்றார் கமிஷனர். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் முன்னால் வந்து கும்பிடு போட்டான்.

"அஸ்தினாபுரத்துல துணிக் கன்ட்ரோலு வந்துட்டுது சார்!"

இரண்டு அறிக்கை

கமிஷனர் சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. எழுத்தில் அறிக்கை வேண்டுமாம். கடையை விட்டு வர நேரமில்லாத சேர்மனுக்கும் அப்படியே. அன்று வீட்டில் காபி ஆறும்வரை யோசித்தேன். சேர்மன் தமிழ் மட்டும் படிப்பார். கமிஷனர் தமிழ் பேசுவார், படிப்பது இங்கிலீஷ்தான். ஒரே கிரீடத்துக்கு முன்பக்கம் ஜிகினா, பின்பக்கம் எலி கடித்த ஓட்டை. தமிழில் முன்பக்கத்தை எழுதினேன், இங்கிலீஷில் பின்பக்கத்தை. இரண்டிலும் ஒரு வரி பொய் இல்லை. முழு உண்மையை ஒரே ஆளிடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டையும் சேர்த்து வாசித்த ஹெட் கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓய், இது ஒரே கோஷ்டிதானா, இல்லை பங்காளிச் சண்டையில பிரிஞ்சுட்டாங்களா?"

உத்தரவு

திருவிழாவுக்கு முதல் நாள் உத்தரவு வந்தது. கையெழுத்து இரண்டும் இருந்தன. கன்னியப்பன் அதைப் படிக்கக்கூட நிற்காமல் நாவிதரிடம் ஓடினான். நான்தான் கடைசி வரியைப் படித்தேன்: சிக்கனத்தை முன்னிட்டு, இரண்டு லைட்டுக்குப் பதில் ஒரு லைட்டுக்கான எண்ணெய் மட்டும். ஒரு லைட்டை வைத்துக்கொண்டு பாரத யுத்தமா? வாத்தியாரின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் விரல் விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு சார்! இத்தினி வருசமா கௌரவருங்க நூறு பேருக்கு மூணு பேரைத்தான் நிறுத்த முடிஞ்சுது. இந்த வாட்டி நூறு பேரும் அந்தாண்ட இருட்டுல நிக்கிறாங்கன்னு சொல்லிட்றேன். யார் போயி எண்ணப் போறாங்க?"

கஷ்ட காலத்தில் சர்க்கார் கலைக்குப் பாதி வெளிச்சம்தான் தரும். மீதிப் பாதிக்குப் படையைத் திரட்டிக்கொள்வது கலைஞன் சாமர்த்தியம்.