சரோஜா டீச்சரும் புளி போட்டு விளக்கிய காசுகளும்

சென்ற வாரம் திருமங்கலத்திலிருந்து, என்னைப் போலவே பழைய காசு சேர்க்கும் சோலை போன் செய்தார். "அண்ணே, டீச்சர் போயிட்டாக" என்றார். மதுரையில் பழைய காசு சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் சரோஜா டீச்சரைத் தெரியும். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வைகை மணலில் ரோமானிய வெண்கலக் காசு கிடைத்தால் நேராக அவர் வீட்டுக்குத்தான் ஓடுவோம்.

சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும் அந்தக் காசுகள். எழுத்தெல்லாம் தேய்ந்திருக்கும். நாம் அரசன் முகத்தை உற்றுப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். டீச்சரோ ஜன்னலோரம் போய், வெயில் சாய்வாக விழும்படி பிடித்து, முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பார். "மூஞ்சியைப் பாத்து ஏமாறாதீங்க, முதுகைப் பாருங்க" என்பார். உறுதியாகத் தெரியாவிட்டால், எவ்வளவு கெஞ்சினாலும் பெயர் சொல்ல மாட்டார். அந்தக் கோபத்தில் நான் சில மாதம் அவரிடம் பேசாமல்கூட இருந்திருக்கிறேன்.

போன வருடப் பழங்காசுக் கண்காட்சியில், தன் தந்தை சேர்த்த காசுகளை முதன்முறையாக வைக்க இருந்தார் சோலை. நாலு பேர் பார்க்கப் போகிற காசாயிற்றே என்று அவர் மனைவி பாண்டியம்மாள், குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் புளி போட்டு விளக்கிவிட்டார். பச்சைக் களிம்போடு அதில் பதிந்திருந்த உருவங்களும் போயின. சோலை வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். இருவரையும் டீச்சர் வீட்டுக்கு நான்தான் அழைத்துப் போனேன். பாண்டியம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எங்கப்பா சேத்தது அம்புட்டும் போச்சு டீச்சர்" என்றார் சோலை.

டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்றில் மட்டும் ஏதோ தெரிந்தது. "ரெண்டு சிப்பாய், நடுவுல ஒரு கொடி. ரோம ராஜா கான்ஸ்டன்டைன் காலத்துக் காசு."

"அப்ப கண்காட்சி அட்டையில கான்ஸ்டன்டைன்னே எழுதிருவோம்" என்றார் சோலை.

"அவர் மகன்களும் இதே முதுகைத்தான் போட்டாங்க. யாருன்னு தெரியலை. தெரியாத பேரை நான் எழுத மாட்டேன்."

சோலைக்கு முகம் சுருங்கியது. டீச்சர் வாசலைப் பார்த்தார். "உள்ள வாம்மா. நானும் ஒருகாலத்துல எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சவதான். என்கிட்ட இருந்த நல்ல காசு அப்படித்தான் போச்சு."

பாண்டியம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்தார். சோலை தலையைக் குனிந்துகொண்டார். அன்று இருவரும் பேசிக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

துக்கத்துக்குப் போனபோது டீச்சரின் தங்கையிடம் இந்த எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னேன். அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எங்க அக்காவா? காசு மேல ஒரு சொட்டுத் தண்ணி பட விடமாட்டாங்களே! அப்படி எதுவும் நடக்கவே இல்லையே."

காசுக்கு ஒரு பொய்ப் பெயர் எழுதச் சம்மதிக்காதவர், வாசலில் நின்ற பெண்ணுக்காக அதே நிமிடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பொய்யைத்தான். சோலை, இதை வீட்டில் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.