கிலோ அக்கா

என் அக்காவுக்குக் கறை என்றால் ஜென்மப் பகை. கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலரைப் பார்ப்பாள். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது கடவுளே பார்த்துக் கொடுத்தது. பதினெட்டு வருடத்தில் அவள் கைபட்ட விரிப்பில் எந்த நர்ஸும் ஒரு புள்ளி கண்டதில்லை.

புதிதாக வந்த மேலாளருக்கு அது போதவில்லை. சுத்தத்தை எப்படி அளப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டவர், கடைசியில் ஒரு எடை மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். எந்த ஷிஃப்ட் அதிகக் கிலோ துவைக்கிறதோ, அதன் பெயர் பலகையில் முதலில். முதல் வாரம் அக்காவின் ஷிஃப்ட் மூன்றாவது. அன்று அவள் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

அதற்குப் பிறகு பேசினாள், கிலோவில் மட்டும். புள்ளி படாத விரிப்புகளும் கூடைக்கு வந்தன. காலையில் துவைத்தது மாலையில் மறுபடி வந்தது. ஈரத் துண்டு அதிகம் கனக்கும் என்று கண்டுபிடித்த நாளில் அவள் முகத்தில் இருந்த களையை, அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியே அவளைக் கிலோ அக்கா என்று கூப்பிட்டது. அவளும் பட்டம் வாங்கியவள்போலத் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு அங்கேயே குடலிறக்க ஆபரேஷன். மயக்கம் தெளிந்தபோது வெறும் ரெக்ஸின் மெத்தையில் கிடந்தேன். முதுகு ஒட்டியது, உடம்பு வெடவெடத்தது. நர்ஸைக் கேட்டால், வார்டில் ஒரு விரிப்பும் இல்லை, எல்லாவற்றையும் உங்கள் அக்கா துவைக்க எடுத்துப்போய்விட்டாள் என்றாள்.

அக்கா ஓடிவந்தாள். வந்ததும் சொன்ன முதல் செய்தி, இன்றைக்கு நானூற்றிருபது கிலோ.

"அக்கா, குளிருது. ஒரே ஒரு விரிப்பு கொடு."

"எல்லாம் மெஷின்ல இருக்குடா" என்று ஆரம்பித்தவள் என் கையைத் தொட்டதும் நிறுத்திவிட்டாள். அவள் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். உலர்த்தும் மெஷினிலிருந்து சுடச்சுட ஒன்றை எடுத்துவந்து, நாலு மூலையும் இழுத்துச் செருகினாள்.

"இனிமே இந்தக் கிலோவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை யாரோ விரிப்பை உருவுவது தெரிந்து விழித்தேன். சலவைக்கூடத்துப் பெண். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இது கிலோ அக்கா தன் கையால் போட்டது, நான் அவள் தம்பி என்றேன்.

"தெரியும்ணே. அக்காதான் அனுப்பினாங்க" என்றாள். "முதல் இடத்துக்கு இன்னும் ஒரு கிலோ குறையுதாம்."