பச்சைக் கேபிளுக்கு வக்காலத்து

வேலையில் இருந்த காலத்தில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் என்று யோசித்தால், முதலில் நினைவுக்கு வருபவர் எனக்கு எதிர்க்கட்சியாக இருந்தவர்.

வியட்நாமின் சைகோனில் எங்கள் குளிர்பானத் தொழிற்சாலைக்குப் பாட்டில் நிரப்பும் புதிய லைன் வந்தது. அதன் மோட்டார்களும் சென்சார்களும் கட்டுப்பாட்டுக் கணினியோடு எந்த முறையில் பேசுவது என்பதில் எனக்கும் சக பொறியாளரான காரைக்கால்காரருக்கும் மழைக்காலம் முழுக்கச் சண்டை. அவர் ப்ரொஃபிபஸ் கட்சி: ஊதாக் கேபிள், ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போவது, பழையது, நம்பகமானது. நான் அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஈதர்நெட்டிலேயே ஓடும் ப்ரொஃபினெட் கட்சி: பச்சைக் கேபிள், வேகம் அதிகம்.

“ஆபீஸ்ல படம் பாக்குற ஒயர்ல மெஷின் ஓட்டப் போறீங்களாண்ணே?”

“உங்க ஒயர் நடுவுல அறுந்தா, அந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் ஊமை.”

“அறுக்காம இருக்கணும். அவ்வளவுதான்.”

நிர்வாகம் ஒப்பீட்டறிக்கை கேட்டது. பச்சை ஜெயித்தது; அறிக்கையை எழுதியது நான் என்பதும் ஒரு காரணம். பரிந்துரைத்த பொறியாளரே சோதனை ஓட்டம் முடியும்வரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதியும் என்னுடையதே. பரிந்துரைத்துவிட்டுக் காணாமல் போகும் நிபுணர்களை நிறையப் பார்த்திருந்தேன்.

ஓட்டம் தொடங்கிய காலை சென்னையிலிருந்து மகள் பேசினாள். பிரசவ நாள் வருமுன்பே வலி. மருமகன் கப்பலில். அவள் அம்மா இறந்து சில வருடங்களாகியிருந்தன.

“அப்பா, வந்துடுவீங்கல்ல?”

மேலாளரிடம் ஓடினேன். மரியாதை தெரிந்த வியட்நாமியர். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் விதியை எனக்கே வாசித்துக் காட்டினார். குறை சொல்ல வழியில்லை, தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். டெட் புத்தாண்டுப் பண்டிகைச் சரக்கு முழுவதும் அந்த லைனை நம்பியிருந்ததால் ஓட்டத்தை நிறுத்தவும் முடியாது.

பின்னாலேயே வந்து நின்ற காரைக்கால்காரர், தானும் இந்த முறையைப் பரிந்துரைப்பதாகவும், அறிக்கையில் தன் பெயரையும் சேர்க்கும்படியும் மேலாளரிடம் சொன்னார். தொழிற்சாலை முழுக்கக் கேட்கும்படி பச்சைக் கேபிளைத் திட்டித் தீர்த்தவர். இனி லைன் நின்றால் பழி அவர் தலையில். மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும், “உங்களுக்குத்தான் இது பிடிக்காதே?” என்றேன்.

“இப்பவும் பிடிக்கலண்ணே. கெளம்புங்க, டான் சோன் நாட் ஏர்போர்ட் ரோட்ல இந்நேரம் நெரிசலு.”

மறுநாள் பேத்தி பிறந்தபோது நான் பிரசவ அறை வாசலில் இருந்தேன். எனக்குத் தெரிந்த நடைமுறை எதுவும் அங்கே தேவைப்படவில்லை. உள்ளே விட்டதும் மகள் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன்.

மாலையில் அவரை அழைத்தேன்.

“பொண்ணு.”

“அல்ஹம்துலில்லாஹ். தாயி?”

“நல்லா இருக்கா. லைன் எப்படி…”

“அத நீங்க இன்னைக்குக் கேக்கக் கூடாது. புள்ள யாரு ஜாடை?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை பேத்தியின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.