குரங்குமேல் போட்ட பழி

என் தாய்மாமா எதைத் தின்னக் கொடுத்தாலும் நான் முதலில் முகர்ந்துபார்ப்பேன். பலாக்காய்க் கூட்டு என்று சொல்லி ஒருமுறை எனக்குப் புறாக்கறியை ஊட்டியவர் அவர். மூன்றாம் கவளத்தில் எலும்பு கடிபட்டபோது, விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மா பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்துப் படுத்த வருஷம், ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கன்னிவாடியில் எங்கள் வீட்டு அடுப்பை அப்பாதான் மூட்டினார். அம்மா கஞ்சியைக்கூட இரண்டு வாய்க்குமேல் குடிக்க மாட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் எழுந்து நடமாட வேண்டும் என்று, பங்குனி உத்திரத்துக்கு நான் பழனிக்குக் காவடி எடுப்பதாக அப்பா நேர்ந்துகொண்டு எனக்கு மாலை போட்டுவிட்டார். காவடி மலையேறும்வரை வீட்டில் யாரும் கறியோ முட்டையோ தொடக் கூடாது. தொட்டால் வேண்டுதல் கெட்டுப்போகும். அம்மாவின் உயிரே என் கழுத்து மாலையில் தொங்குவதாக நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா கொடைக்கானலில் ஒரு பங்களாவில் சமையல்காரர். அம்மாவைப் பார்க்க வந்தவர், என்னை நாலு நாள் மலைக்குக் கூட்டிப்போனார். என்னை ஊரில் விட அவரே கிளம்பிய காலையில், வழியில் ஒரு கடைக்குள் நுழைந்தார். அது பாரசீகத்துக்காரர் ஒருவரின் பலகாரக் கடை. நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

உள்ளே பன்னீர் மணந்தது. கல்யாண வீட்டு வாசனைக்குக் கடையில் என்ன வேலை என்று எனக்குப் பட்டது. கண்ணாடிக்குள் தட்டுத் தட்டாகப் பலகாரங்கள். வெள்ளை வட்டங்களின்மேல் கறுப்புக் கசகசா தூவியிருந்தது; எனக்கு அது எறும்பாகத் தெரிந்தது. பக்கத்தில் பூப்போல வெட்டிய சின்னச் சின்ன வில்லைகள், நடுவில் பச்சையாக ஒரு பருப்பு. அவை நல்ல மஞ்சள் நிறம். பின்கட்டுக் கதவோரம் பார்த்தேன். ஒரு கூடை நிறைய முட்டை.

கடைக்காரர் என் மாலையைப் பார்த்தார். கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். போய்க் கை கழுவி வந்து, கண்ணாடிக்குள் இருந்ததை விட்டுவிட்டு மேல் தட்டிலிருந்து புது டின் ஒன்றை இறக்கினார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் எதற்குக் கை கழுவ வேண்டும்?

"கடலை மாவு, நெய், ஏலக்காய். முட்டை இல்லே தம்பி" என்று அதே மஞ்சள் வில்லை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"தின்னுலே மாப்ளே."

"அப்புறமா திங்கிறேன் மாமா."

"ஏலே, இன்னும் அந்தப் புறா ஒன் வயித்துக்குள்ள பறக்குதாக்கும்?" மாமா கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு பெட்டி கட்டச் சொன்னார். "அக்காவுக்குத்தான். சின்னப்பிள்ளைல கடலை மாவும் சீனியும்னா உசுர விடும். இதயாச்சும் ரெண்டு வாய் திங்குதான்னு பாப்போம்."

இறக்கத்தில் யாரோ வாந்தியெடுக்க, பஸ்ஸை நிறுத்தினார்கள். மாமா பீடி பிடிக்க இறங்கினார். பெட்டி என் மடியில் இருந்தது. சாலையோரச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. நான் பெட்டியைச் சன்னலுக்கு வெளியே நீட்டினேன். பிடுங்கக்கூட வேண்டியிருக்கவில்லை, ஒரு கிழக்குரங்கு மரியாதையாக வாங்கிக்கொண்டது. பையிலிருந்ததையும் எடுத்து எறிந்தேன். அதற்குள் அது பாதி நொறுங்கியிருந்தது.

"குரங்கு பிடுங்கிட்டுப் போயிருச்சு மாமா."

"நல்ல காவக்காரன்டா நீ!" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். எனக்கு வலிக்கவே இல்லை. அம்மாவைக் காப்பாற்றிவிட்டேனே.

காவடி எடுத்தேன். ஆடி மாதத்துக்குள் அம்மா எழுந்துவிட்டாள். எல்லாரும் முருகன் என்றார்கள். அதில் என் பங்கும் உண்டு என்று நான் வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் பெருமைப்பட்டிருந்தேன். வளர்ந்த பிறகு, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்ற மலைக்குப் போன ஒரு நாள், கூச்சத்தை விட்டு அந்தக் கடைக்குள் நுழைந்து, அந்த மஞ்சள் வில்லைக்கு என்னென்ன சேர்த்து மாவு பிசைகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கடலை மாவு, நெய், சீனி, ஏலக்காய். முட்டைக் கூடை கேக்குக்காம். வில்லை வாயில் வைத்ததும் கரைந்தது. இரண்டாவதைத் தின்ன முடியவில்லை.

ஏனென்றால், அன்று பஸ் இறங்கி வீட்டுக்குள் போனதும் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்தாள். என் சட்டைப் பையில் மூக்கை வைத்தாள்.

"என்னய்யா இது, இப்படி மணக்குது? எனக்கு ஒண்ணு தாயேன்."

"ஒண்ணும் இல்லம்மா."

அவள் விரலை விட்டுப் பைக்குள் துழாவினாள். ஒட்டியிருந்த தூள் அவள் வாய்க்குப் போய்விடுமோ என்று நான் திமிறிக்கொண்டு வாசலுக்கு ஓடி, பையை வெளியே இழுத்து உதறினேன். கோழிகள் ஓடிவந்து பொறுக்கின. திரும்பிப் பார்த்தபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

படுத்த நாளிலிருந்து அவள் வாய்திறந்து கேட்ட முதல் தீனி அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.