நான் அடித்த வரி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில், மத்தியானம் மூன்று பத்துக்கு. கதை கட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாட்சிக்குச் சிவப்பு மை பட்ட மூன்று தாள்கள் என் பீரோவில் இருக்கின்றன. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம், காபி நான் போட்டுத் தருகிறேன்.

நான் ஒரு பதிப்பகத்தில் ப்ரூஃப் பார்ப்பவள். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்தே வயிறு வளர்க்கிறேன். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடமே ஒற்று விட்டுப்போனதைக் காட்டி அனுப்புவேன். அதனால் என் தங்கை எனக்கு வைத்த பெயர் ‘பிழையக்கா’. உலகத்தில் அவள் ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிடுவாள்.

அந்த வாரம் என் மேசைக்கு ஒரு பழைய வெளிநாட்டு நாவலின் மொழிபெயர்ப்பு மறுபதிப்புக்கு வந்தது. மலைமேல் மாளிகை, இருட்டு அறைகள், ஒரு பிரபு, அவர் மனைவி. பெரிய பெயர் வாங்கிய நாவல். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சலாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அந்த மனைவி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுக்குப் பெயரும் இல்லை. அவளைப் பற்றிக் கணவர் பேசுகிறார், அப்பா பேசுகிறார், டாக்டர் பேசுகிறார், வண்டிக்காரன்கூட இரண்டு பக்கம் பேசுகிறான். குதிரை ஒன்றுதான் பாக்கி. விருந்தாளி யார் கேட்டாலும் பிரபு ஒரே வசனம் சொல்கிறார்: “அவளுக்கு ஓய்வு தேவை.” எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது இடம். கடைசியில் மாடி அறையில் அவள் செத்துக் கிடக்கிறாள். என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. பிரபு அழுகிறார், ஊரே அவருக்காகப் பரிதாபப்படுகிறது. முன்னுரை எழுதியவர் ‘ஒரு கணவனின் ஈடில்லாத காதல்’ என்று புல்லரித்திருந்தார். காதலாம், காதல்.

என் வேலை முறை எளிது. இடது பக்கம் பழைய பதிப்பு, வலது பக்கம் ப்ரூஃப். ஸ்கேலை வரிவரியாக நகர்த்தி, வாய்விட்டு வாசிப்பேன். பழையதில் இல்லாத வரி புதியதில் இருந்தால் அடித்துவிட வேண்டும். ஏன் வந்தது என்று யோசிப்பது என் வேலையில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்று பத்து. பக்கம் இருநூற்றுப் பதினொன்று. இரண்டு பத்திகளுக்கு நடுவில் ஒரு வரி தனியாக நின்றது.

“கதவு வெளிய பூட்டியிருக்கு.”

பழைய பதிப்பில் அது இல்லை. போதாக்குறைக்குப் பேச்சு வழக்கு. பிரபு வீட்டில் எவள் ‘வெளிய’ என்று பேசுவாள்? சிவப்பு மையில் ஒரே இழுப்பாக அடித்தேன். அடிக்கும்போது பேனாவுக்குக் கீழே தாள் லேசாகத் துடித்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்தேன். ஆனால்... கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தேன். எடுத்தது அவள் புருஷன்.

“அவளுக்கு ரெஸ்ட் வேணும்கா. தூங்குறா.”

“சரி மாப்ள. எழுந்ததும் பேசச் சொல்லுங்க.”

அவ்வளவுதான், வைத்துவிட்டேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு மாதம் முன்னால் அவள் என்னிடம் வந்து அழுதாள். “அங்க மூச்சு முட்டுதுக்கா. யார்கிட்ட பேசினாலும், என்ன பேசினேன்னு கேக்குறார்” என்றாள். “எல்லா வீட்லயும் உள்ளதுதான்டி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நாவலில் அந்தப் பெண்ணின் அப்பாவும் இதையேதான் சொல்கிறார், நல்ல தமிழில்.

புதன்கிழமை இரண்டாம் ப்ரூஃப் வந்தது. அதே பக்கம். மணி பார்த்தேன், மூன்று பத்து. முந்தைய வரி போயிருந்தது. அதே இடத்தில் வேறொன்று இருந்தது.

“தண்ணி தீந்துபோச்சு.”

பழக்க தோஷம் பாருங்கள்... முதலில் ‘தீந்து’ என்பதைத் ‘தீர்ந்து’ என்று திருத்தினேன். அப்புறம்தான் முழு வரியையும் அடித்தேன். கோபத்தோடு தாளை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற அண்ணனிடம் போனேன்.

“என்ன விளையாட்டுண்ணே இது?”

அவர் தேடிப் பார்த்தார். “ஃபைல்ல அப்படி ஒரு வரியே இல்லம்மா.”

“அப்ப தாள்ல எப்படி வந்துச்சு?”

அவர் வரியின்மேல் விரலை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். விரல் நுனி கறுத்திருந்தது.

“மை இன்னும் ஈரமா இருக்கு” என்றார், மெதுவாக.

லேசர் பிரிண்டரில் ஈரம் எங்கிருந்து வரும்?

அன்று சாயங்காலமும் போன் செய்தேன். “அவளுக்கு ரெஸ்ட் வேணும்கா.” அதே குரல், அதே நிதானம். எங்கேயோ வாசித்த வசனம் மாதிரி இருந்தது. எங்கே என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அதற்கு இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

வியாழக்கிழமை. மூன்றாம் ப்ரூஃப். மூன்று மணி எட்டு நிமிஷம்.

பக்கம் இருநூற்றுப் பதினொன்றில் ஒன்றும் இல்லை. பத்திகளுக்கு நடுவில் வெறும் வெள்ளை. அப்பாடா என்று இருந்தது.

மூன்று ஒன்பது.

டொக்.

கதவைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. யாரும் இல்லை.

டொக்... டொக்...

சத்தம் மேசையிலிருந்து வந்தது. என் உள்ளங்கைக்குக் கீழே. தாளுக்கு அந்தப் பக்கமிருந்து.

மூன்று பத்து.

ஸ்கேலை நகர்த்தினேன். ஒரு வரி இருந்தது. மங்கலாக, மை தீர்ந்த மாதிரி.

கண் வாசிப்பதற்கு முன்னால் கை ஓடிவிட்டது. அடிக்க ஆரம்பித்தேன்.

பாதியில்தான் வாசித்தேன்.

“பிழையக்கா, வாயேன்.”

பேனா கீழே விழுந்தது.

ஓடினேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்குத் தங்கை வீட்டு வாசலில் நின்றேன். அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். கீழ்த்தளத்தில் இருந்த வீட்டு ஓனரிடம் மாற்றுச் சாவி இருந்தது.

“சார் இல்லாம எப்படிம்மா...”

“குடுங்க.”

கொடுத்தார். மாடி. கடைசி அறை. வெளியில் பூட்டு.

சுத்தியல் கேட்டேன். நாலு அடி.

கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மூக்கில் கை வைத்தேன்.

மூச்சு இருந்தது.

அந்த ஒரு மூச்சுக்காக நான் வாழ்நாள் முழுக்கக் கும்பிடுவேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையில் கிடைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். அவள் செய்த குற்றம், திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னது. போலீஸ் கேட்டபோதும் அவன் அசரவில்லை. “அவளுக்கு ரெஸ்ட் குடுத்தேன் சார்” என்றான்.

மறுநாள் அந்த மூன்று தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். வரிகள் எதுவும் இல்லை. வெறும் வெள்ளையில் என் சிவப்புக் கோடுகள் மட்டும் இருந்தன. இரண்டு முழுக்கோடு, ஒரு பாதிக்கோடு. ஓரத்தில் ஒரு ‘ர்’, நான் திருத்தியது.

இதைப் பற்றி அப்போது நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். நன்றாக வெயில் அடித்தது. திடீரென்று சீப்பை நிறுத்தினாள்.

“அந்த ரூம்ல இன்னொருத்தங்க இருந்தாங்கக்கா.”

“யாரு?”

“தெரியல. நீளக் கவுன். வெளிறிப்போன முகம். பேசவே மாட்டாங்க. காதை மட்டும் என் வாய்கிட்ட கொண்டு வருவாங்க. நான் ஒண்ணு சொல்லுவேன். கேட்டுட்டுச் சுவத்துக்குள்ள போயிடுவாங்க.”

“அப்புறம்?”

“திரும்பி வருவாங்க. மொதல் தடவ வந்தப்ப, அவங்க வாய் மேல ஒரு செவப்புக் கோடு. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும். ரெண்டாவது தடவ, ரெண்டு கோடு.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “மூணாவது?”

“அது பாதிதான் இருந்துச்சு.” தன் உதட்டின் நடுவில் விரலை வைத்துக் காட்டினாள். “மீதிப் பாதி வாயால, அவங்க மொதல் மொதலாப் பேசினாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“‘உங்கக்கா வாசிச்சுட்டா’ன்னு.”